போகிற மெயிலுக்கெல்லாம் நகல் வேண்டும் என்கிறார் முதலாளி

கேள்வி: அண்ணா, திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். ஆபீஸ் ஸ்டாஃப் நாற்பது பேருக்கு மேல். சொந்த டொமைன், சொந்த சர்வர். உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டவ்காட் (பெட்டியில் வைத்துக் காட்டுவது), அமாவிஸ் (வைரஸ், ஸ்பேம் சோதிப்பது) ஓடுகின்றன. போன மாதம் ஒரு சீனியர் மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்பவர்) வேலையை விட்டுப் போனார். போன இடத்திலிருந்து எங்களிடம் ஆர்டர் தரும் பையருக்கே குறைந்த விலை கொடுத்திருக்கிறார். எங்கள் காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்கு) மெயிலில்தான் வெளியே போயிருக்கும் என்று எம்.டி. உறுதியாக நம்புகிறார். "இனிமேல் யார் என்ன மெயில் அனுப்பினாலும் எனக்கு ஒரு காப்பி வரணும், ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்று வாயால் சொல்லிவிட்டார். ஆல்வேஸ் பிசிசி (எல்லா மெயிலுக்கும் மறைவாக ஒரு நகல் அனுப்பும் செட்டிங்) போட்டுப் பார்த்தேன். பெட்டி நிரம்பி வழிகிறது. வருகிற மெயிலும் சேர்ந்து விழுகிறது, அதுவும் இரண்டிரண்டாக. இதைச் சரியாகச் செய்வது எப்படி? எனக்குச் சட்டச் சிக்கல் வருமா? கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாறினால் சுலபமா? எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் வேலையும் போகக் கூடாது. பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, இதைப் படித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் செட்டிங் ஃபைலான மெயின்.சிஎஃப்-இல் நீங்கள் போட்ட ஆல்வேஸ் பிசிசி வரியை எடுத்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். இதுவரை விழுந்த நகல்களை யாரும் திறந்து பார்க்கும் முன், எம்.டி.யிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள். அதில் சம்பளப் பட்டியல் இருக்கும், யாரோ ஒருவரின் மருத்துவச் சான்றிதழ் இருக்கும், பேங்க்கிலிருந்து வந்த ஸ்டேட்மென்ட் இருக்கும். காஸ்டிங் ஷீட் போன வழியைத் தேடுவதற்கு இவை எதுவும் தேவையில்லை.

நீங்கள் கேட்ட வரிசையிலேயே, செட்டிங்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஆல்வேஸ் பிசிசி என்பது போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு பெறுநரைக் கூடுதலாகச் சேர்க்கும். உள்ளே வருவது, வெளியே போவது, கிரான் (குறித்த நேரத்தில் சர்வர் தானே ஓட்டும் வேலை) அனுப்புகிற அறிக்கை என்று பேதம் பார்க்காது. இரண்டிரண்டாக வந்ததற்குக் காரணம் அமாவிஸ். மெயில் முதலில் உங்கள் சர்வருக்குள் நுழையும்போது ஒரு நகல் பிறக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அதை 10024 போர்ட்டில் (சர்வரின் ஒரு நுழைவாயில்) அமாவிஸிடம் கொடுக்கிறது. அமாவிஸ் சோதித்துவிட்டு 10025-இல் திருப்பித் தருகிறது. போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது புது மெயில், எனவே இன்னொரு நகல். வழக்கமாக இந்த இரட்டிப்பைத் தடுக்க, ஃபில்டருக்கு முன்னால் உள்ள நுழைவாயிலில் ரிசீவ் ஓவர்ரைடு ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் நோ அட்ரஸ் மேப்பிங்ஸ் என்று கொடுப்பார்கள். அது இருக்கும் வாயிலில் தானியங்கி பிசிசி வேலை செய்யாது.

உங்களுக்கு வேண்டியது ஆல்வேஸ் பிசிசியே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 2.1 முதல் சென்டர் பிசிசி மேப்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஒரு சாதாரண ஃபைலில், ஒரு வரிக்கு ஒருவராக, இடப்பக்கம் அனுப்புகிறவர் முகவரி, வலப்பக்கம் நகல் போக வேண்டிய முகவரி. ஃபைலைச் சேமித்து போஸ்ட்மேப் கட்டளை கொடுத்து ரீலோட் செய்தால் முடிந்தது. யார் பெயர் அந்த ஃபைலில் இருக்கிறதோ அவர் அனுப்புவதற்கு மட்டும் நகல். ஒரு முகவரிக்கு ஒரு நகல் முகவரிதான் கொடுக்க முடியும். இடப்பக்கத்தில் @ குறியோடு டொமைனை மட்டும் எழுதினால் கம்பெனி முழுக்க மாட்டும். அதைச் செய்யாதீர்கள் என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஸ்டாஃப் அவுட்லுக்கிலிருந்து அனுப்புவது 587 அல்லது 465 போர்ட் வழியாக. வெளி உலகத்து மெயில் வருவது 25 வழியாக. சென்டர் பிசிசி மேப்ஸை மெயின்.சிஎஃப்-இல் பொதுவாகப் போட்டால், வெளியிலிருந்து யாராவது உங்கள் ஸ்டாஃப் முகவரியைப் போலியாகப் போட்டு அனுப்புகிற ஸ்பேமுக்கும் நகல் விழும், அமாவிஸ் திருப்பித் தரும்போதும் விழும். சரி, எந்த வாயிலில் எந்தப் புரோகிராம் என்று சொல்லும் மாஸ்டர்.சிஎஃப்-இல் சப்மிஷன் (587, 465) வரிக்குக் கீழ் எழுதினால் போதுமே என்று எழுதுவார்கள். எந்தப் பிழையும் காட்டாது, நகலும் வராது. ஏனென்றால் அந்த அமைப்பைப் படிப்பது வாயிலில் மெயிலை வாங்கும் எஸ்எம்டிபிடி கிடையாது, அதற்குப் பின்னால் இருக்கும் க்ளீனப் என்ற புரோகிராம். ஆகவே மாஸ்டர்.சிஎஃப்-இல் இருக்கும் க்ளீனப் வரியை நகலெடுத்து வேறொரு பெயர் கொடுங்கள். அதற்குக் கீழே சென்டர் பிசிசி மேப்ஸை எழுதுங்கள். பிறகு சப்மிஷன் வரிகளுக்குக் கீழ், க்ளீனப் சர்வீஸ் நேம் என்ற இடத்தில் அந்தப் புதுப் பெயரைக் குறிப்பிடுங்கள். இப்போது லாகின் செய்து அனுப்புகிறவர்களின் மெயில் மட்டும் அந்தப் புது க்ளீனப் வழியே போகும். அமாவிஸ் திருப்பித் தருவது பழைய க்ளீனப்புக்குப் போகும், அங்கே மேப் இல்லை, எனவே ஒரே ஒரு நகல். சப்மிஷன் வாயிலில் நோ அட்ரஸ் மேப்பிங்ஸ் இருந்தால் எடுத்துவிட வேண்டும். வெப்மெயில் வைத்திருந்தால் அது எந்த வழியாக அனுப்புகிறது என்று பாருங்கள். 25 வழியாக அனுப்பினால் இந்த ஏற்பாட்டில் அது தப்பிவிடும், 587-க்கு மாற்றுங்கள்.

சென்டர் பிசிசி பார்ப்பது எஸ்எம்டிபி பேச்சில் மெயில் ஃப்ரம் என்று வரும் முகவரியை. அவுட்லுக்கில் அனுப்புநர் முகவரியை மாற்றிப் போட்டுவிட்டால் மேப் பொருந்தாது. எனவே எஸ்எம்டிபிடி சென்டர் லாகின் மேப்ஸ் அமைத்து, லாகின் பெயரும் அனுப்புநர் முகவரியும் ஒத்துப்போகாத மெயிலை நிராகரிக்கும்படி செய்யுங்கள். நகல் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது எல்லா ஆபீஸ் சர்வரிலும் இருக்க வேண்டிய அமைப்பு.

நகல் விழும் பெட்டியை அதே சர்வரில், மெயில்டிர் முறையில் (ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல்), தனிப் பார்ட்டிஷனில் வையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த லோக்கல் டெலிவரி வழியாக ஒரே ஃபைலாகச் சேர்த்தால், இயல்பாக இருக்கும் வரம்பு 51 எம்பி சுற்றி. உங்கள் டெக் பேக்கும் (டிசைன், அளவு விவர ஃபைல்) சாம்பிள் போட்டோவும் ஒரே காலையில் அதை நிரப்பிவிடும். நிரம்பினால் என்ன ஆகும் தெரியுமா? போஸ்ட்ஃபிக்ஸ் 2.3-இலிருந்து, நகல் போய்ச் சேராவிட்டாலும் அனுப்பியவருக்குத் தகவல் போகாது. ஸ்டாஃபுக்குத் தெரியாமல் போவது இருக்கட்டும், உங்களுக்கும் தெரியாது. நகல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், மூன்று மாதம் கழித்துத் தேடும்போது வெறும் பெட்டியாக இருக்கும். டிஸ்க் அளவைக் கண்காணிக்க ஒரு அலர்ட் போட்டுவிடுங்கள்.

எம்.டி.யின் சொந்த ஜிமெயிலுக்கு நகலை அனுப்பச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கம்பெனியின் விலை விவரம் வெளியே போய்விட்டது என்று ஆரம்பித்த கதை இது. அதைத் தடுக்க எல்லா விலை விவரத்தையும் தினமும் வெளியே அனுப்புவதா? அதோடு, வெளி சர்வர் அந்த நகலைத் திருப்பி அடித்தால் பவுன்ஸ் (திரும்பி வரும் பிழைத் தகவல்), மெயில் அனுப்பிய ஊழியருக்கே போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. அதில் எம்.டி.யின் முகவரி இருக்கும்.

இன்னொன்றும் நடக்கும். சில ஊழியர்கள் ரீட் ரிசீப்ட் (படித்ததற்கான ஒப்புகை) கேட்டு அனுப்புவார்கள். நகல் பெட்டியை அவுட்லுக்கில் திறந்து ஒருவர் அந்த மெயிலைச் சொடுக்கினால், "படிக்கப்பட்டது" என்ற பதில் பெட்டியின் பெயரோடு ஊழியருக்குப் போய்விடலாம். ரகசியமாக வைத்திருப்போம் என்கிற முதலாளிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இது போன்ற ஓட்டைகள் வழியாக விஷயம் வெளியே வந்தே தீரும். அப்படித் தெரியவரும்போது ஆபீஸில் உண்டாகும் கசப்பு, நேரடியாகச் சொல்லியிருந்தால் உண்டாகியிருக்கவே செய்யாது.

செட்டிங் முடிந்ததும் ஒரு டெஸ்ட் அக்கவுன்ட்டிலிருந்து உங்கள் வெளி முகவரி ஒன்றுக்கு டூ-விலும், இன்னொன்றுக்கு பிசிசி-யிலும் போட்டு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். நகல் பெட்டியில் அதைத் திறந்தால் டூ முகவரி தெரியும். பிசிசி முகவரி எங்குமே இருக்காது. மெயில் அனுப்பும் மென்பொருள் அந்த வரியை ஹெட்டரில் வைக்காது, பெறுநர் பட்டியலில் மட்டும்தான் கொடுக்கும். யோசித்துப் பாருங்கள் தம்பி, காஸ்டிங் ஷீட்டைத் திருடுகிறவர் பையருக்கு அனுப்பும் மெயிலில் தன் ஜிமெயிலை பிசிசி-யில் போட்டால், உங்கள் எம்.டி. பார்க்கும் நகலில் அது சுத்தமான ஆபீஸ் மெயிலாகத் தெரியும்.

உண்மை இருப்பது மெயில் லாகில், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவு ஃபைலில். மெயிலின் மெசேஜ் ஐடியை எடுத்து லாகில் தேடினால் க்யூ ஐடி (சர்வர் அந்த மெயிலுக்குத் தரும் அடையாளம்) கிடைக்கும். அமாவிஸ் இருப்பதால் இரண்டு க்யூ ஐடி வரும். அவற்றைத் தேடினால் ஒவ்வொரு பெறுநருக்கும் ஒரு வரி, பிசிசி உட்பட. எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இந்தத் தொல்லை கிடையாது. அதன் ஜர்னல் அறிக்கை பிசிசி பெறுநர்களையும் எழுதி, மூல மெயிலை இணைப்பாக வைத்துத் தரும். போஸ்ட்ஃபிக்ஸில் லாக்தான் கதி. ஆனால் உபுண்டுவின் லாக்ரொட்டேட் இயல்பில் மெயில் லாகை வாரம் ஒருமுறை சுழற்றி நாலு வாரத்துக்குத்தான் வைத்திருக்கும். மெர்ச்சண்டைசர் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது என்கிறீர்கள். இன்றே இருக்கும் லாக் ஃபைல்களை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அவர் உண்மையிலேயே மெயிலில் அனுப்பியிருந்தால் யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிய மெயில் என்பதெல்லாம் அதில் இருக்கும், உள்ளடக்கம் மட்டும் இருக்காது. சந்தேகம் சரியா என்று பார்க்க நாற்பது பேர் மெயிலைப் படிக்கத் தேவையில்லை, இந்த நாலு ஃபைல் போதும். இனிமேல் லாகை ஒரு வருடத்துக்கு வைத்திருக்கும்படி மாற்றிவிடுங்கள்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். அந்த மெர்ச்சண்டைசர் அவுட்லுக்கில் பாப் முறையிலா இருந்தார்? திருப்பூரில் நான் பார்த்த ஆபீஸ்களில் பாதிக்கு மேல் இன்னும் பாப்தான். மெயில் சர்வரிலிருந்து இறங்கி அவர் கம்ப்யூட்டரின் பிஎஸ்டி ஃபைலில் உட்கார்ந்துவிடும். அனுப்பியவையும் அதே ஃபைலில்தான். ஆள் போகிற அன்று பிஎஸ்டி-யை அழித்தாலோ, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனாலோ, அந்தப் பையரோடு நடந்த பேச்சு முழுவதும் கம்பெனியை விட்டுப் போய்விடுகிறது. எந்த ஸ்டைலுக்கு என்ன ஜிஎஸ்எம் (துணியின் எடை) பேசினோம், எந்தத் தேதியில் லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் வந்தது, ஏர் ஷிப்மென்ட் செலவை யார் ஏற்பதாகச் சொன்னார்கள் என்று அடுத்து உட்காருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. முதலாளிகள் "காப்பி வேண்டும்" என்று கேட்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பயம்தான் இருக்கிறது. அது நியாயமான பயம். ஒரு டெபிட் நோட் (பையர் பணத்தைப் பிடிக்கும் சீட்டு) வந்தால் பையரின் பழைய மெயில் ஒன்றுதான் கம்பெனியைக் காப்பாற்றும்.

அதற்கு மருந்து வேறு. எல்லோரையும், மெயிலைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப்புக்கு மாற்றுங்கள். பையர் வாரியாக ஒரு பொது முகவரி வையுங்கள். அந்தப் பையரைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர், அவருடைய ஜூனியர், மெர்ச்சண்டைசிங் மேனேஜர் மூவரும் அதைப் பகிர்ந்து பார்க்கட்டும். டவ்காட்டில் பகிர்வுப் பெட்டி வசதி இருக்கிறது, அழிக்கப்பட்ட மெயிலைத் தனியே ஒதுக்கி வைக்கும் லேஸி எக்ஸ்பஞ்ச் இருக்கிறது. பையரோடு பேசுவதெல்லாம் அந்த முகவரியிலிருந்து போனால், அதற்கு நகல் எடுப்பதில் யாருக்கும் கூச்சம் வராது. அது கம்பெனியின் கடிதப் போக்குவரத்து என்று பெயரிலேயே தெரிகிறது. சென்டர் பிசிசி ஃபைலில் இந்த முகவரிகளை மட்டும் எழுதுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஐந்தாறு வரியில் முடிந்துவிடும்.

எல்லோருக்கும் நகல் ஏன் கூடாது என்கிறேன்? நாற்பது பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் ஆபீஸில், 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே வேண்டும். ஒரு பெண் தன் மேலாளரைப் பற்றி அந்தக் குழுவுக்கு ஆபீஸ் முகவரியிலிருந்து எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் வேறு மெயில் முகவரி இல்லாமல் இருக்கலாம், சீட்டை விட்டு எழ முடியாமல் இருக்கலாம். புகார் விவரத்தையும் கொடுத்தவரின் அடையாளத்தையும் வெளியே விடக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஆனால் உங்கள் சர்வர் அவள் எழுதி முடித்து அனுப்பிய நொடியில் எம்.டி. பெட்டியில் ஒரு நகல் போட்டுவிடும். எம்.டி. நல்லவராகவே இருக்கட்டும். அவர் பெட்டியை அவருடைய பி.ஏ. திறப்பார், ஊருக்குப் போனால் தம்பியோ மருமகனோ திறப்பார். புகார் யார்மீதோ அவரிடம் அன்று மாலையே சேதி போகும். இது நடந்தால் அதற்கு வழி செய்து கொடுத்த வரி நீங்கள் எழுதியது. டொமைன் முழுக்க நகல் என்ற செட்டிங்கை நான் யாருக்கும் செய்து தருவதில்லை என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம். ஹெச்ஆர், புகார்க் குழு, பிஎஃப்–இஎஸ்ஐ பார்க்கிறவர், கணக்கர் இவர்கள் முகவரி எந்தக் காரணத்தாலும் அந்த ஃபைலில் வரக் கூடாது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் மெயில் சர்வர் பார்க்கிறவன், வக்கீல் இல்லை. கம்பெனி வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பதால் தெரிந்துவைத்திருப்பதைச் சொல்கிறேன்.

ஆபீஸ் மெயிலைக் கம்பெனி கண்காணிக்கவே கூடாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரணங்களுக்காகவும், தொழில் ரகசியம் காப்பது, உளவு வேலையைத் தடுப்பது போன்றவற்றுக்காகவும் ஊழியரின் தரவைக் கையாள இடம் தருகிறது. உங்கள் எம்.டி.யின் நோக்கம் அதற்குள் வரும். ஆனால் சேர்த்துவைத்த தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதும் அதே சட்டம்தான். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்கள்மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலாகின்றன. நாற்பது பேர் கடிதத்தை ஒரே பெட்டியில் குவிப்பது என்றால் அவ்வளவு பொறுப்பையும் ஒரே இடத்தில் குவிப்பது என்று பொருள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னதும் பின்னணியில் இருக்கிறது.

உங்களைப் பொறுத்தவரை முக்கியம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. கம்ப்யூட்டரின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் அதிலிருந்து தரவை எடுப்பதைப் பற்றியது அது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவுப்படி சிறை வரை போகும். சர்வர் கம்பெனியுடையது, எம்.டி. அனுமதி கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த அனுமதி வாய்வார்த்தை. நாளைக்கு ஒரு ஊழியர் போலீசுக்குப் போனால், சர்வரில் ரூட் (முழு அதிகாரம் உள்ள) பாஸ்வேர்டு வைத்திருப்பவர் நீங்கள், ஃபைலை எழுதியவர் நீங்கள், சொன்னதற்குச் சாட்சி கிடையாது. கடிதமோ மெயிலோ, எந்த முகவரிகளுக்கு, எந்தக் காரணத்துக்காக, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் வாங்காமல் ஒரு வரி கூடப் போடாதீர்கள். ஊழியர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தன் சொந்த ஜிமெயிலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாலும் அதைத் தொடாதீர்கள். அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுக்க எம்.டி.க்கு உரிமையே இல்லை.

யாருக்கும் தெரியக் கூடாது என்பதைப் பற்றி ஐரோப்பாவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. ருமேனியாவில் பர்புலெஸ்கு என்ற ஊழியர். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல, கம்பெனி சொல்லித் தொடங்கிய யாஹூ மெசஞ்சர் கணக்கு. 2007 ஜூலையில் சில நாட்கள் அதைக் கண்காணித்து, அவர் தன் சகோதரரோடும் கல்யாணம் நிச்சயமான பெண்ணோடும் பேசியதையெல்லாம் அச்செடுத்து முன்னால் வைத்து, வேலையை விட்டு நீக்கினார்கள். சொந்த வேலைக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அங்கே இருந்தது, அது அவருக்கும் தெரியும். ருமேனிய நீதிமன்றங்களில் தோற்றார். ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் முதலில் தோற்றார். 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கண்காணிப்பு நடக்கிறது என்றும், உள்ளடக்கத்தையே படிப்பார்கள் என்றும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டதா, கம்பெனிக்கு அதற்கு என்ன அவசியம், இதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா என்பதையெல்லாம் கீழ் நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றது. இந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அது எழுப்பிய கேள்விகள் எந்த ஊர் முதலாளியும் நகல் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். உங்கள் பையர்களில் பலர் ஐரோப்பாக்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் எழுதிய மெயிலும் பதில் சங்கிலியில் சேர்ந்து அந்தப் பெட்டியில் விழும் என்பதை எம்.டி.யிடம் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டுச் செய்தால் திருடன் உஷாராகிவிடுவானே என்று அவர் கேட்பார். ஆகட்டும். காஸ்டிங் ஷீட்டை ஆபீஸ் மெயிலில் அனுப்பாமல் இருந்தால் அதுதானே அவருக்கு வேண்டியது? மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை, ரகசிய நகல் எடுத்தாலும் உங்களால் பிடிக்க முடியாது. அதற்குக் காஸ்டிங் ஷீட் யார் கையில் எல்லாம் இருக்கிறது என்பதைக் குறைக்க வேண்டும். நூல் விலை, நிட்டிங், டையிங், சிஎம்டி (வெட்டித் தைத்து முடிக்கும் கூலி), மார்ஜின் எல்லாம் ஒரே எக்செல்லில் எல்லா மெர்ச்சண்டைசரிடமும் ஏன் இருக்க வேண்டும்? மார்ஜின் இல்லாத பிரதி அவர்களுக்குப் போதும்.

அறிவிப்பு நீளமாக வேண்டாம். இப்படி எழுதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: "பையர் பெயரில் உள்ள ஆபீஸ் மெயில் முகவரிகளிலிருந்து அனுப்பப்படும் எல்லா மெயில்களுக்கும் இன்ன தேதி முதல் ஒரு நகல் கம்பெனி சர்வரில் சேமிக்கப்படும். ஆர்டர் தகராறு, க்ளெய்ம், தகவல் கசிவு பற்றிய விசாரணை ஆகியவற்றுக்கு மட்டும், காரணத்தை எழுதிப் பதிவு செய்த பிறகு, இருவர் முன்னிலையில் அது திறக்கப்படும். பன்னிரண்டு மாதம் ஆனதும் அழிக்கப்படும். இந்த முகவரிகளைச் சொந்தக் கடிதங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஹெச்ஆர், புகார்க் குழுவுக்கு எழுதும் மெயிலை உங்கள் சொந்தப் பெயரிலான முகவரியிலிருந்து அனுப்பலாம். அதற்கு நகல் எடுக்கப்படாது." கடைசி வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

பெட்டிக்கு லாகின் பாஸ்வேர்டே வைக்க வேண்டாம். ஃபைல்களாக இருக்கட்டும், ரூட் மட்டும் படிக்கட்டும். தேவை வரும்போது எம்.டி. எழுத்தில் கேட்டு, நீங்களும் கம்பெனி செக்ரட்டரியோ அக்கவுன்ட்ஸ் மேனேஜரோ உடன் இருந்து, வேண்டிய மெயிலை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி, காரணம், எடுத்த மெயில், கையெழுத்து. தினமும் காலையில் காப்பியோடு உட்கார்ந்து ஊழியர் மெயிலைப் படிக்கிற பழக்கம் எம்.டி.க்கு வர விடக் கூடாது. இதில் கோர்ட்டு சம்பந்தப்பட்ட லாபமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பை (ஃபைல் மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்ணை) குறிப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை அந்த மாத மெயில்களைச் சேர்த்துக் கட்டி, ஷா-256 ஹாஷ் எடுத்து அதே நோட்டில் எழுதிவைத்தால், பிறகு யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட முடியும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் அங்கே நிற்பது கடினம்.

கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாறி, வால்ட் (அதன் மெயில் காப்பகம்) இருக்கிற திட்டம் வாங்கினால் இந்தச் சேமிப்பு, தேடல், யார் திறந்தார்கள் என்ற பதிவு எல்லாம் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 365-இலும் தக்கவைப்பு வசதி உண்டு. அங்கே ஜர்னல் நகலை அவர்களுடைய எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பெட்டிக்கே அனுப்ப விடமாட்டார்கள், வெளியே ஒரு இடம் வேண்டும். சொந்த சர்வரிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் பைலர் என்ற இலவச ஆவணக் காப்பு மென்பொருளைப் பாருங்கள், பெட்டியைவிட அது நல்லது. எங்கே மாறினாலும் அறிவிப்பும் கட்டுப்பாடும் இதேதான்.

ஒரு குறிப்பிட்ட ஆள்மீது உறுதியான சந்தேகம் இருந்தால் அது வேறு விஷயம். மேலே சொன்ன அறிவிப்பு ஏற்கெனவே நடைமுறையில் இருந்து, வக்கீல் ஆலோசனையோடு, காரணத்தை எழுதிவைத்து, அந்த ஒரு முகவரிக்கு, முடிவுத் தேதி போட்டு நகல் எடுப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். தேதி முடிந்ததும் வரியை எடுத்துவிட வேண்டும்.

எம்.டி.யிடம் பேசும்போது முடியாது என்று தொடங்காதீர்கள். எடுத்து வைத்த மெயில் லாகோடு போங்கள். போனவர் கடைசி மாதத்தில் எந்தெந்த வெளி முகவரிக்கு அனுப்பினார் என்பதைக் காட்டுங்கள். பையர் முகவரிகளுக்கு நகல், பாப்பிலிருந்து ஐமேப், வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூடும் முறை, இந்த மூன்றையும் இரண்டு வாரத்தில் செய்து தருகிறேன் என்று சொல்லுங்கள். அவர் கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கிறீர்கள். அதற்குப் பிறகும் எல்லோருக்கும் ரகசியமாகத்தான் வேண்டும் என்றால், அந்த உத்தரவை அப்படியே எழுத்தில் தரச் சொல்லுங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்கிறேன் என்று சொல்லுங்கள். வாயால் சொல்வதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் நடுவில் அநேகமாக அவரே நின்று யோசிப்பார். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அந்தத் தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.